துறைமுக வாசலில் நிற்பவர் யாருக்குக் காவல்?



குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜூன் மாதம் பிறந்தால் சாரலோடு சேர்ந்து வாஞ்சி நினைவும் நமக்கு வந்துவிடும். ஜூன் 17 அன்று செங்கோட்டையில் அவர் சிலைக்கு மாலை போடுவதை நீங்கள் எல்லோரும் சிறுவயது முதல் பார்த்திருப்பீர்கள். இந்த வருடம் அதை ஒட்டி, ஆனால் கொஞ்சம் விலகி, துறைமுகக் காவல் பற்றி எழுதப் போகிறேன். பதிவு நீளம்தான். சாவகாசமாகப் படியுங்கள்.

மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கும் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டு ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. அங்கிருந்து வடக்கே சிறிது தூரத்தில் தூத்துக்குடி. நம் அருவித் தண்ணீர் போய்ச் சேரும் இடம் அதுதான். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை நாமும் அவர்களும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள். 2019-இல்தான் நாம் தென்காசி மாவட்டம் ஆனோம்.

அந்த ஆற்று முகத்தில்தான் பாண்டியரின் கொற்கை இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் கொற்கை முத்துக்குளிப்பு வருகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளை வைத்து அங்கே முத்து எடுத்தார்கள் என்கிறது அது. கைதிகளை வைத்து வேலை வாங்கினால் பக்கத்தில் காவலர் இல்லாமலா இருந்திருப்பார்? சோழநாட்டுக் காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் வசூலித்தவர்கள் ஏற்றுமதி, இறக்குமதிப் பொதிகளில் புலி முத்திரை குத்தி அடுக்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. இன்றைய கன்டெய்னரில் தொங்கும் சீலுக்கு அந்தப் புலி முத்திரை கொள்ளுப்பாட்டன் முறை. பண்டம் குவியும் இடத்தில் முத்திரையும் வேண்டும், முத்திரையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். இதை நம்மவர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஆனால் 'போலீஸ்' என்று நாம் இன்று சொல்லும் அமைப்பு துறைமுகத்துக்கு எப்படி வந்தது? அதற்கு லண்டன் போக வேண்டும்.

18-ஆம் நூற்றாண்டின் முடிவில் தேம்ஸ் நதித் துறைமுகம் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சர்க்கரையும் ரம்மும் காப்பியும் கப்பல் கப்பலாக வந்தன. திருட்டும் அதே அளவுக்கு நடந்தது. பேட்ரிக் கோல்குஹூன் என்ற நீதிபதியும் ஜான் ஹாரியட் என்ற முன்னாள் மாலுமியும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். பணத்தில் பெரும்பங்கை வணிகர்கள் கொடுத்தார்கள். 1798 ஜூலையில் வாப்பிங் என்ற இடத்தில் நதிப் போலீஸ் தொடங்கியது. லண்டன் மாநகரப் போலீஸ் வந்தது 1829-இல். அதற்கு 31 ஆண்டுகள் முன்பே துறைமுகத்துக்குப் போலீஸ் வந்துவிட்டது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மூட்டையிலிருந்து சிந்திய சர்க்கரையும், நிலக்கரி இறக்கும்போது கிடைக்கும் சில்லறைக் கரியும் தங்கள் கூலியில் ஒரு பங்கு என்றே அங்கிருந்த கூலித் தொழிலாளர்கள் நினைத்திருந்தார்கள். களத்து மேட்டில் சிந்திய நெல்லைக் கூட்டி எடுப்பவர்கள் நம் ஊரிலும் உண்டல்லவா, அது போல. புதிய போலீஸ் அதைத் திருட்டு என்றது. நிலக்கரி திருடியதாகச் சிலருக்கு அபராதம் விதித்ததும், 1798 அக்டோபரில் பெருங்கூட்டம் போலீஸ் அலுவலகத்தைத் தாக்கியது. அந்தக் கலவரத்தில் கேப்ரியல் ஃபிராங்க்ஸ் என்ற காவல் பணியாளர் சுடப்பட்டு, பின்னர் இறந்தார். 1800-இல் அரசாங்கமே அந்தப் போலீஸைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. வணிகர் பணத்தில் நடந்த காவல் அரசின் காவல் ஆனது இப்படித்தான்.

ஆக, துறைமுகக் காவல் பிறந்தபோதே ஒரு கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது. அங்கே நிற்பவர் யாருடைய பொருளுக்கு, யாரிடமிருந்து காவல் நிற்கிறார்?

அந்தக் கேள்வி நம் தூத்துக்குடியில் எப்படி எழுந்தது என்று பாருங்கள்.

அன்றைய தூத்துக்குடியில் கடல் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் தோணியிலும் சிறு படகிலும் போய் ஏற வேண்டும். பஞ்சுப் பொதி போகும், கொழும்புக்குப் பயணிகள் போவார்கள். ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி அந்தக் கடலைத் தன் சொத்தாகவே வைத்திருந்தது. 1906-இல் ஓட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. போட்டியில் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கியது. டிக்கெட் இல்லாமலே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தார்கள் என்று சொல்லப்படுவதை எட்டாம் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டனைப் போலீஸை நிறுத்தினார்கள். அதன் செலவுக்கு ஊர்மக்கள் தலையிலேயே வரி போட்டார்கள். தன்னை அடக்க வந்த போலீஸுக்குத் தானே சம்பளம் கொடுக்கும் நிலைமை. வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் கம்பெனியும் போய்விட்டது, கப்பலும் போய்விட்டது.

அப்போது தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்தவர் ராபர்ட் வில்லியம் ஆஷ். பிறகு திருநெல்வேலிக்குக் கலெக்டர் பொறுப்புக்கு வந்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலோடு இணைவதற்காக அவர் இருந்த பெட்டி காத்து நின்றது. கொழும்புக் கப்பல் பயணிகளை ஏற்றி வரும் ரயில் என்பதால்தான் அதற்குப் போட் மெயில் என்று பெயர். அங்கே செங்கோட்டை வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அந்தக் கொலையின் காரணங்களை வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் துறைமுகத்தில் மூண்ட தீ நம் மலையடிவாரம் வரை வந்தது என்பதில் சந்தேகமில்லை.

இந்தக் கதையை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், போன மாதம் என்னிடம் படித்த ஒருவர் மகளையும் தாயாரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். பிள்ளை பட்டப்படிப்பை முடித்துவிட்டாள். மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்குப் பரீட்சை எழுத வேண்டும், துறைமுகத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏட்டி, கப்பலுக்குக் காவல் நிக்கதுக்கா காலேஜுக்குப் போனே?" என்று ஆச்சி கேட்டார். அப்பா கேட்டது வேறு. "சார், போலீஸ்காரன் வ.உ.சி.யை என்ன பாடு படுத்தினான்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. அந்தத் துறைமுகத்துலயே போய் இவளும் யூனிஃபார்ம் போடணுமா?"

இரண்டுமே சரியான கேள்விகள். அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஆச்சியின் கேள்வி. காவல் நிற்பது அவ்வளவு சின்ன வேலையா?

1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற கப்பல் நின்றது. யுத்த காலம். உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள். அதே கப்பலில் பஞ்சுப் பொதிகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், தங்கக் கட்டிகளும் கூட. பஞ்சில் தீப்பிடித்தது. கப்பலை வெளியே இழுத்துப் போவதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று பொறுப்பில் இருந்தவர்களுக்குள் முடிவு ஏற்படவில்லை. மாலை 4 மணிக்கு மேல் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். தீயணைக்கப் போனவர்களில் மட்டும் 66 பேர். இன்றும் ஏப்ரல் 14 தீயணைப்பு நாளாக இருப்பது அவர்கள் நினைவாகத்தான்.

2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்ததை நீங்களே கைப்பேசியில் பார்த்தீர்கள். சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட், கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் திருடன் வரவில்லை, எதிரி வரவில்லை. எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு முடிவெடுக்க வேண்டியவர்கள் எடுக்கவில்லை. துறைமுகக் காவலில் பாதி வேலை இந்தக் கேள்வியைக் கேட்பதுதான். அதனால்தான் தொழில் பாதுகாப்புப் படைக்குள்ளேயே தீயணைப்புக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

இந்தப் படை உருவானதற்கும் ஒரு தீ விபத்துதான் காரணம். 1964-இல் ராஞ்சி கனரகப் பொறியியல் தொழிற்சாலையில் பெரிய தீ. அதை விசாரித்த நீதிபதி முகர்ஜி, அரசுத் தொழிற்சாலைகளுக்கென்று முறையான பாதுகாப்புப் படை வேண்டும் என்றார். 1968-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1969 மார்ச் 10 அன்று படை தொடங்கியது. சுமார் 2,800 பேர், மூன்று பட்டாலியன். 1983-இல் இது மத்திய ஆயுதப்படைகளில் ஒன்றாக ஆனது. இன்று ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய படை. துறைமுகம், விமான நிலையம், அணுமின் நிலையம், 2024 முதல் நாடாளுமன்றம் என்று காவல் நிற்கிறது. நம் பக்கத்திலேயே கூடங்குளத்திலும் மகேந்திரகிரியிலும் இருக்கிறார்கள்.

தூத்துக்குடிக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பின் கடலுக்குள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டி, நடுவில் செயற்கைத் துறைமுகம் உண்டாக்கினார்கள். 1974 ஜூலை 11 அன்று நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் அதற்கு வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் வைத்தார்கள்.

அங்கே யார் யார் எதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில் பிள்ளைகளுக்குக் குழப்பம் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

துறைமுக எல்லைக்குள் வாசல், கப்பல் மேடை, கிடங்கு: மத்திய தொழில் பாதுகாப்புப் படை.
சரக்கின் வரியும் கடத்தலும்: சுங்கத்துறை, வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம்.
கரையை ஒட்டிய கடல்: 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம். இது நம் மாநிலக் காவல்துறையின் பிரிவு.
ஆழ்கடல்: கடலோரக் காவல்படை, கடற்படை.
வழக்குப் பதிவு, விசாரணை: மாநிலக் காவல் நிலையம்.

கடைசி வரியைக் கவனியுங்கள். தொழில் பாதுகாப்புப் படையினர் தாங்கள் காக்கும் இடத்தில் குற்றம் செய்பவரை வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். பிடித்தவரைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். தானே பிடித்து, தானே விசாரித்து, தானே வழக்கு நடத்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. அப்பா கேட்ட கேள்விக்குப் பதிலில் ஒரு பகுதி இதில் இருக்கிறது.

வேலையின் கனம் தெரிய வேண்டுமானால் ஒரு சம்பவம் போதும். 2021 ஏப்ரலில் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னரைத் திறந்து பார்த்தார்கள். மரத்தடி என்று பதிவாகியிருந்தது. பனாமாவில் ஏறி, ஆண்ட்வெர்ப், கொழும்பு வழியாக வந்தது. மரத்தடிகளுக்கு நடுவே சுமார் 400 கிலோ கோகைன் போதைப்பொருள். பிடித்தது வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம். ஆனால் அப்படி ஒரு பெட்டி இடம் மாறாமல், சீல் உடையாமல், பொய்ச் சீட்டைக் காட்டி யாரும் உள்ளே நுழையாமல் இருப்பதற்கு வாசலில் நிற்பவரும் கண்விழித்திருக்க வேண்டும். ஒரு வாசலில் ஒருவர் அசந்தால், அந்தச் சரக்கு நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசல் வரை வரும்.

2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு உலக நாடுகள் சேர்ந்து கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் பொதுவான பாதுகாப்பு விதிகள் எழுதின. 2004 ஜூலை 1 முதல் அவை நடைமுறையில் உள்ளன. ஆபத்தின் அளவைப் பொறுத்து மூன்று நிலைகள். ஒவ்வொரு துறைமுகத்திலும் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும். இது சரியில்லை என்று பெயர் கெட்டால் வெளிநாட்டுக் கப்பல்கள் வர யோசிக்கும். சிவகாசிக்காரரும் திருப்பூர்க்காரரும் நம் புளியங்குடி எலுமிச்சைக்காரரும் நல்லபடி வியாபாரம் செய்ய வேண்டுமென்றால் துறைமுகம் நல்ல பெயரோடு இருக்க வேண்டும். ஆச்சி, இந்தக் காவலுக்குக் காலேஜ் படிப்பு அதிகமில்லை.

அடுத்து அப்பாவின் கேள்வி. 1908-இல் இருந்த போலீஸும் சட்டப்படிதான் நடந்தது. ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியதில் நமக்குப் பங்கில்லை. துறைமுகத்தின் லாபத்திலும் பங்கில்லை. நம் வரியில் சம்பளம் வாங்கியவர் அந்நியக் கம்பெனியின் கப்பலுக்குக் காவல் நின்றார். இன்று அந்தப் படையை உண்டாக்கிய சட்டம் நாம் ஓட்டுப்போட்டு அனுப்பியவர்கள் எழுதியது. அதில் தவறு நடந்தால் கோர்ட்டுக்குப் போகலாம், கேள்வி கேட்கலாம். அதற்காக இன்றைய காவலர்கள் எல்லோரும் தவறே செய்ய மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. துறைமுகத்தில் சுமை தூக்குபவரும் லாரி டிரைவரும் மீனவரும் வாசலில் மரியாதைக் குறைவாக நடத்தப்பட்டால், யூனிஃபார்ம் மாறியும் 1908 மாறவில்லை என்றுதான் அர்த்தம். அதை மாற்ற, வ.உ.சி. கதை தெரிந்த பிள்ளைகள் அந்த வாசலில் நிற்பது நல்லது என்பது என் கருத்து. ஒதுங்கி நின்றால் கதை தெரியாதவர்கள்தான் நிற்பார்கள்.

இனி, எப்படிச் சேர்வது என்று கேட்டவர்களுக்கு.

கான்ஸ்டபிள் வேலைக்குப் பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். எஸ்.எஸ்.சி. பொதுக் காவலர் தேர்வு. வயது 18 முதல் 23. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. உயரம் ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 157 செ.மீ. ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். சப் இன்ஸ்பெக்டருக்குப் பட்டப்படிப்பும் எஸ்.எஸ்.சி.யின் வேறு தேர்வும். அசிஸ்டென்ட் கமாண்டன்ட் ஆக வேண்டுமென்றால் யு.பி.எஸ்.சி. நடத்தும் மத்திய ஆயுதப்படைத் தேர்வு, வயது 20 முதல் 25. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறலாம். அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு முக்கியமான செய்தி. முன்பு கான்ஸ்டபிள் தேர்வை இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் எழுத முடியும். தமிழ்வழியில் படித்த நம் பிள்ளைகள் விடை தெரிந்தும் கேள்வி புரியாமல் திரும்பி வருவார்கள். 2024 முதல் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் எழுதலாம். கடையநல்லூரிலும் ஆலங்குளத்திலும் சுரண்டையிலும் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 1,025 பேர் கொண்ட முழுப் பெண்கள் பட்டாலியனுக்கு 2024 நவம்பரில் மத்திய அரசு அனுமதி கொடுத்திருக்கிறது.

சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்க முடியாது. இன்று தூத்துக்குடி என்றால் மூன்று வருடம் கழித்து ஒடிசாவோ அசாமோ ஆகலாம். தீபாவளிக்கு லீவு கிடைக்காது. உப்புக்காற்று, நிலக்கரித் தூசி, ராத்திரி டியூட்டி. கப்பலுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இதெல்லாம் தெரிந்தபின்னும் ஆசை இருந்தால் தாராளமாகப் போகட்டும். வீட்டார் தடுக்க வேண்டாம்.

நம் தமிழ்நாட்டிலேயே இந்தப் படைக்குப் பயிற்சி மையம் இருக்கிறது, அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில். 949-இல் சோழ இளவரசர் இராஜாதித்தர் யானை மேலிருந்து போரிட்டு உயிர்விட்டாரே, அதே தக்கோலம். 2025 மார்ச்சில் அந்த மையத்துக்கு இராஜாதித்த சோழன் பெயரை வைத்தார்கள். சரித்திர வாத்தியாருக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்!

அந்தப் பிள்ளை இப்போது காலையில் ஓட ஆரம்பித்திருக்கிறாள் என்று அவள் அப்பா போனில் சொன்னார். பரீட்சை முடிவு எதுவானாலும் ஓடின ஓட்டம் வீண்போகாது.

உங்களில் யாராவது இந்தப் படையிலோ, கடலோரக் காவல்படையிலோ, சுங்கத்திலோ இருந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் அனுபவம் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும். நான் படித்துச் சொல்வதைவிட நீங்கள் நின்று பார்த்ததற்கு மதிப்பு அதிகம்.

சாரலில் நனைந்துவிட்டுத் தலையைத் துவட்டாமல் இருக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார், தென்காசி